எதையும் நம்பாத மாணவர்களை நான்தான் உருவாக்கினேன்

செமஸ்டர் முடிந்து விடைத்தாள்களையும் திருத்திக் கொடுத்துவிட்ட ஒரு மதியம், வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று நான் நினைத்திருந்த மாணவி ஒருத்தி அறைக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "இப்போதெல்லாம் நான் செய்தியே பார்ப்பதில்லை மேடம். எல்லாமே யாரோ ஒருத்தருக்காகச் சொல்வதுதானே. நீங்கள்தானே புரிய வைத்தீர்கள்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அரசியலும் ஊடகமும் என்ற பாடத்தை அப்போது நான்காவது வருடமாக நடத்திக்கொண்டிருந்தேன். அவள் போனதும் சிலபஸை எடுத்துப் பார்த்தேன். முதல் வாரம், ஊடகத்துக்குச் சொந்தக்காரர் யார். இரண்டாவது வாரம், விளம்பரதாரர்களின் பிடி. அப்புறம் போர்க்காலப் பிரச்சாரம், கட்சிகளின் செய்தித் தொடர்பு வேலைகள், தலைப்பு வைப்பதில் உள்ள தந்திரங்கள், சமூக ஊடக அல்காரிதம். நம்பாமல் இருப்பதற்கு வாரத்துக்கு ஒரு காரணம் கொடுத்திருக்கிறேன். ஒரு தகவலை நல்ல நிருபர் எப்படி உறுதி செய்கிறார், ஒரு ஆய்வு முடிவை எதை வைத்து ஏற்பது என்பதற்கெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். நான் முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டு பரீட்சை வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பெண் செய்தி பார்ப்பதைத்தான் விட்டாள், தகவல் வருவது நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்துகொண்டுதான் இருந்தது. அதை மட்டும் எப்படி நம்புகிறாய் என்று கேட்டேன். "அது தெரிந்தவர்கள் அனுப்புவது மேடம்" என்றாள். எதையும் நம்பாதவர் என்று யாரும் இல்லை. ஒரு கதவை மூடினால் மனசு வேறு கதவைத் திறந்துகொள்கிறது, பெரும்பாலும் பூட்டே இல்லாத கதவை.

அடுத்த வருடத்திலிருந்து பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். சில மாற்றங்கள் பலித்தன, சில சொதப்பின. இதே மாதிரி பாடம் எடுப்பவர்கள் என்னைப் போலச் சுற்றிக்கொண்டு வராமல் நேராக வரலாமே என்றுதான் எழுதுகிறேன்.

முதல் அடி எனக்கே விழுந்தது. 1960 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் கென்னடிக்கும் நிக்சனுக்கும் நடந்த தொலைக்காட்சி விவாதம் இந்தப் பாடத்தின் புராணக் கதை. முழங்கால் தொற்றால் மருத்துவமனையில் கிடந்து மெலிந்து வந்த நிக்சன் முறையான ஒப்பனைக்கு மறுத்தார். அவருடைய வெளிர் சாம்பல் சூட் கறுப்பு வெள்ளைத் திரையில் பின்னணியோடு கரைந்தது. கென்னடி பளிச்சென்று இருந்தார். டிவியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகச் சொன்னார்கள், ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகச் சொன்னார்கள். வருடா வருடம் இதைச் சொல்வேன், வகுப்பு வாய் பிளந்து கேட்கும். 'ஆதாரம் கேளுங்கள்' என்று நான் புதிதாக உபதேசம் ஆரம்பித்த வருடம், முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கை தூக்கினான். "ரேடியோவில் கேட்டவர்கள் அப்படிச் சொன்னது எந்தக் கருத்துக்கணிப்பில் மேடம்?"

தெரியவில்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

தேடிப்போனால் கதையின் வேர் ஏறக்குறைய முழுவதும் சிண்ட்லிங்கர் என்ற நிறுவனம் எடுத்த ஒரே ஒரு கணிப்பில் போய் முடிகிறது. 2,000 பேருக்கு மேல் பேசியிருக்கிறார்கள், அதில் ரேடியோவில் கேட்டவர்கள் 282 பேர். யார் வென்றார் என்று கருத்துச் சொன்னவர்கள் அதிலும் குறைவு. அவர்கள் விவாதத்துக்கு முன்பே எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. 1960-ல் டிவி இல்லாமல் ரேடியோவில் கேட்டவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், கத்தோலிக்கரான கென்னடியை ஏற்கெனவே பிடிக்காதவர்களா என்று கேள்வி வளர்ந்துகொண்டே போகும். 1987-ல் வான்சில், பெண்டெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஓட்டைகளை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தார்கள். சரி, கதை பொய் என்று மூடிவிடலாமா? அதுவும் முடியாது. 2003-ல் ட்ரக்மன் என்ற அரசியல் ஆய்வாளர், அந்த விவாதத்தைப் பற்றி முன்பு அறியாதவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். சிலர் படத்தோடு பார்த்தார்கள், சிலர் ஒலியை மட்டும் கேட்டார்கள். பார்த்தவர்கள்தான் கென்னடி வென்றார் என்று கூடுதலாகச் சொன்னார்கள். ஆக, 1960-ல் அப்படி நடந்தது என்பதற்கு ஆதாரம் மெலிது, பிம்பத்துக்குச் சக்தி உண்டு என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. இரண்டும் ஒரே கூற்று போலத் தெரியும், ஒன்றில்லை.

இதை அப்படியே அடுத்த வகுப்பில் சொன்னேன், நான்கு வருடம் தவறாகச் சொல்லிவந்ததையும் சேர்த்து. அன்றைக்கு இருந்த அமைதி என் எந்த விரிவுரைக்கும் கிடைத்ததில்லை. அதிலிருந்து செமஸ்டரின் இரண்டாவது வாரத்திலேயே நம் துறையின் செல்லக் கதை ஒன்றை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறேன். கென்னடி கதை தீர்ந்தால் 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஒலிபரப்பான 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' ரேடியோ நாடகம் இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்ததாக நம்பி நாடே தெருவுக்கு ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அன்றிரவு நேயர் கணக்கெடுப்பில் கேட்கப்பட்ட 5,000 வீடுகளில் அந்த நிகழ்ச்சியைக் கேட்டது சுமார் 2 சதவீதம்தான். பீதியடைந்தவர்கள் இருந்தார்கள், நாடு முழுக்க இல்லை. விளம்பர வருமானத்தை ரேடியோவிடம் இழந்துகொண்டிருந்த பத்திரிகைகள் ரேடியோவின் ஆபத்தைப் பெரிதாக்கி எழுதியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஆனால் இந்தக் கடைசி வாக்கியத்தையும் மாணவர்கள் விசாரிக்க வேண்டும் என்பேன். பொருத்தமான உள்நோக்கம் ஒன்று கிடைத்தவுடன் விசாரணையை முடித்துக்கொள்வதுதான் இந்தப் பாடம் படிப்பவர்களின் தொழில் வியாதி.

அந்த வியாதிக்கு நான் கண்ட மருந்து, அவர்களையே ஆசிரியர் குழுவாக உட்கார வைப்பது. நான் செய்ததிலேயே உருப்படியானது இதுதான். 90 நிமிடம். ஐந்து ஐந்து பேராகப் பிரிப்பேன். ஒவ்வொரு குழுவுக்கும் 30 துண்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு வரியில் ஒரு செய்தி. முதல் பக்கத்தில் ஏழு செய்திக்குத்தான் இடம். விட்ட ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் ஏன் விட்டோம் என்று எழுத வேண்டும். யோசனை என்னுடையது இல்லை. 1950-ல் டேவிட் மானிங் வைட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தின் காலைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், செய்தி நிறுவனங்களிலிருந்து வந்து தான் ஒதுக்கிய செய்திகளுக்கு ஒரு வாரம் இப்படிக் காரணம் எழுதினார். வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் அச்சேறியது. சில காரணங்கள் அவருடைய சொந்த விருப்பு வெறுப்பு. ஆனால் 'இடமில்லை' என்ற அலுப்பான காரணமும் திரும்பத் திரும்ப வந்தது. எந்தச் செய்தியை உள்ளே விடுவது என்று ஆசிரியர் தேர்ந்தெடுப்பதற்கு வாயில்காப்பு என்று பெரிய பெயர் வைத்து நாம் கற்பிப்பதன் அன்றாட முகம் அதுதான்.

முதல் அரை மணி நேரம் எல்லாக் குழுவும் உற்சாகமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஆனதும் நான் புதுச் சீட்டு ஒன்றைக் கொண்டுபோய் வைப்பேன். 'ரயில் நிலையம் அருகே பலத்த வெடிச்சத்தம். காவல்துறை இன்னும் பேசவில்லை. போட்டி சேனலில் பிரேக்கிங் நியூஸாக ஓடுகிறது.' ஒரு வருடம், ஊடகம் மொத்தமும் விலைபோய்விட்டது என்று செமஸ்டர் முழுக்கச் சொல்லிவந்த பையன் ஒரு குழுவின் ஆசிரியராக இருந்தான். சீட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், பக்கத்துக் குழுவை எட்டிப்பார்த்தான். 'குண்டுவெடிப்பு எனத் தகவல்' என்று எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு போட்டுவிட்டான். 80-ஆவது நிமிடம் அடுத்த சீட்டு போனது. லாரி டயர் வெடித்த சத்தம். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். "உன்னை யார் விலைக்கு வாங்கினார்கள்?" என்று கேட்டேன். "நேரம் இல்லை மேடம்" என்றான். நேரம், போட்டி, பயம், சோம்பல், அப்புறம்தான் சதி என்ற வரிசையை நான் பத்து விரிவுரையில் சொன்னாலும் ஏறியிருக்காது. நேரமின்மையை மன்னித்துவிட முடியுமா என்ற விவாதமும் அன்று நன்றாக ஓடியது. அதையும் விட்டுவிடாதீர்கள். நிறுவனம் ஆள் குறைத்தால் நேரம் குறையும், ஆளைக் குறைப்பது யார் என்று கேட்டால் உரிமையாளர் பாடம் பின்வாசல் வழியாக வந்துவிடும். முன்பு அதை முதல் வாரத்திலேயே வைத்திருந்தது என் தவறு.

ஃப்ரேமிங், அதாவது ஒரே விஷயத்தை எந்தச் சட்டகத்தில் வைத்துச் சொல்கிறோம் என்பது பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். 1981-ல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் கேட்ட கேள்வியை இரண்டு விதமாக அச்சடித்து வகுப்பில் கொடுத்துப் பாருங்கள், அநேகமாக வேலை செய்யும். 600 பேரைக் கொல்லக்கூடிய ஒரு நோய்க்கு எதிராக இரண்டு திட்டங்கள். ஒன்றில் முடிவு நிச்சயம், மற்றதில் எல்லோரும் பிழைக்கலாம், யாருமே பிழைக்காமலும் போகலாம். 200 பேர் காப்பாற்றப்படுவார்கள் என்று சொன்னபோது 72 சதவீதம் பேர் அந்த நிச்சயமான வழியை எடுத்தார்கள். அதே கணக்கை 400 பேர் இறப்பார்கள் என்று சொன்னபோது 78 சதவீதம் பேர் அதைத் தள்ளிவிட்டு, பந்தயம் போன்ற மற்ற வழிக்குப் போனார்கள். ஆனால் இதைக் கற்றதும் மாணவர்கள் 'ஃப்ரேமிங்' என்பதை ஒரு வசைச்சொல்லாகப் பயன்படுத்த ஆரம்பித்துவிடுவார்கள். எந்தத் தலைப்பைக் காட்டினாலும் "ஃப்ரேமிங் மேடம்" என்பார்கள். சட்டகம் இல்லாமல் இதைச் சொல்லிக்காட்டு பார்ப்போம் என்று கரும்பலகைப் பக்கம் அனுப்பிவிடுவேன். இரண்டு நிமிடத்தில் சாக்பீஸை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

இனி என் பெரிய சொதப்பல். தேர்தல் சூடு இருந்த ஒரு பருவத்தில், வகுப்பு கலகலப்பாக இருக்கட்டுமே என்று முந்தைய இரவு டிவி விவாதத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வகுப்பு இரண்டு கட்சிகளாகப் பிரிந்தது. யாரும் ஊடகத்தைப் பற்றிப் பேசவில்லை. சத்தமாகப் பேசத் தெரியாதவர்கள் அதற்கப்புறம் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர்கள் மேலும் மேலும் வாயடைத்துப்போவதை மௌனச் சுழல் என்று ஜெர்மன் ஆய்வாளர் நோயல்-நாய்மன் 1974-ல் எழுதியதை நான் பாடமாக நடத்தாமல் நேரடியாகச் செய்து காட்டிவிட்டேன். அதிலிருந்து தூரத்தில் ஆரம்பித்து அருகில் வருவதுதான் வழக்கம். ஊடக ஆய்வாளர் டேனியல் ஹாலின் வரைந்த மூன்று வட்டங்களை எடுத்துக்கொள்வேன். நடுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டவை, அடுத்து நியாயமாக விவாதிக்கத்தக்கவை, வெளியே பேசவே தகாதவை. பெண்களுக்கு ஓட்டுரிமை என்பது 1850-ல் எந்த வட்டத்தில் இருந்தது, 1893-ல் நியூசிலாந்து கொடுத்தபோது எங்கே நகர்ந்தது, 1971 வரை சுவிட்சர்லாந்து தேசிய அளவில் கொடுக்காமல் இருந்தது எப்படி, இந்த நகர்வில் பத்திரிகைகள் முன்னால் போனதா பின்னால் வந்ததா? யாருக்கும் ரத்தம் கொதிக்காது, ஆனால் கருவி கைக்கு வந்துவிடும். எட்டாவது வாரம் இன்றைய விஷயங்களை அதே வட்டத்தில் வைக்கச் சொல்லும்போது சண்டை வரும். அது வேறு தரத்துச் சண்டை.

மேடம் எந்தக் கட்சி என்ற கேள்வி எல்லா வருடமும் வரும். நான் சொல்வதில்லை. சொல்வது தவறு என்று நினைக்கவில்லை. மார்க் போடுகிறவர் சொன்னால் அதற்கு ஏற்ற மாதிரி விடை எழுதுவார்கள் என்பதுதான் காரணம். ஒருமுறை பெயர் போடாத கருத்துப் படிவத்தில், நான் ஆளுங்கட்சிக்குச் சாதகமாகப் பேசுவதாக ஒருவரும், எதிர்க்கட்சிக்காரி என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். இருவரும் காட்டிய உதாரணம் ஒரே வகுப்பு. 1985-ல் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று உளவியலாளர்கள் கண்டது இதைத்தான். 1982-ல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்டது பற்றிய ஒரே செய்தித் தொகுப்பை ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்குக் காட்டினார்கள். இஸ்ரேலை ஆதரித்தவர்கள் இது இஸ்ரேலுக்கு எதிரானது என்றார்கள், அரபுத் தரப்பை ஆதரித்தவர்கள் அரபுகளுக்கு எதிரானது என்றார்கள். அந்தப் படிவங்களைப் பார்த்து முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இரண்டு பக்கமும் திட்டினால் நாம் நடுவில் இருக்கிறோம் என்று. பிறகு யோசித்தால், பத்திரிகையாளர்கள் பலரும் மறைந்துகொள்கிற அதே சாக்குதான் இது. இரண்டு பக்கமும் திட்டுவது நான் சரி என்பதைக் காட்டாது. திட்டுபவர்கள் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதைத்தான் காட்டும். என் வகுப்பு சாய்ந்திருந்ததா என்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

விடைத்தாளில் அந்தச் சோதனையைக் கொஞ்சம் செய்ய முடிகிறது. பெயரை மறைத்துத்தான் திருத்துவேன். ஒரு கட்டுரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டாலோ எரிச்சலூட்டினாலோ, கட்சிப் பெயர்களை மனசுக்குள் மாற்றிப் போட்டு மறுபடி படிப்பேன். ஒருமுறை அப்படிப் படித்து நான்கு மார்க் குறைத்தேன். கட்டுரையில் வாதமே இல்லை, நான் ஒத்துக்கொள்கிற முடிவு மட்டும்தான் இருந்தது. 'ஜனநாயகத்தில் ஊடகத்தின் பங்கை விவாதி' என்ற கேள்வியையும் தூக்கிவிட்டேன், அதற்கு எந்தப் பாடமும் படிக்காமலே ஆறு பக்கம் எழுதலாம். இப்போது ஒரு செய்தியை அச்சடித்துக் கொடுத்து, இதில் உறுதி செய்யப்பட்டது எது, யாரோ சொன்னது எது, மூன்றாவதாக யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

சமூக ஊடகத்துக்கான வேலையில் இன்னொரு தவறு. அவரவர் ஃபீடில் மூன்று நாளில் வரும் அரசியல் பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வரச் சொன்னேன். ஒரு மாணவியின் படங்களில் அவளுடைய உடல்நிலை பற்றிய விளம்பரங்களும் இருந்தன. அவள் கவனிக்கவில்லை, குழுவில் மற்றவர்கள் கவனித்தார்கள். நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இப்போது எண்ணிக்கை மட்டும்தான் வாங்குகிறேன். எத்தனை அரசியல் பதிவு, அதில் நீ பின்தொடர்கிறவரிடமிருந்து எத்தனை, தானாக வந்தது எத்தனை. படம் யார் கையிலும் போகாது.

சரிபார்ப்பது எப்படி என்பதற்கு ஒரு முழு வாரம் வைத்திருக்கிறேன். வைன்பர்க், மெக்ரூ இருவரும் 2017-ல் எழுதிய ஆய்வுதான் அடிப்படை. வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் இணையதளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்த்தார்கள். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து லோகோவையும் நடையையும் அலசினார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அதைவிட்டு வெளியேறி, புது டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள், சீக்கிரமும் சரியாகவும் முடித்தார்கள். ஆழ்ந்து வாசி என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த எனக்கு இது கசந்தது. முன்பின் தெரியாத ஆளைப் பற்றி அவரிடமே விசாரிப்போமா, அக்கம்பக்கத்தில்தானே கேட்போம் என்று சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

கடைசி வேலை எண்ணுவது. இரண்டு பத்திரிகைகளின் முதல் பக்கம், ஒரு சேனலின் இரவுச் செய்தி, 14 நாள். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் நகரத்தில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டு, ஊடகம் எதற்கு இடம் கொடுத்தது என்பதோடு ஒப்பிட்டார்களே, அதன் சின்ன வடிவம். இரண்டு வரிசையும் அபாரமாக ஒத்துப்போனது என்று 1972-ல் எழுதினார்கள். ஊடகத்தைப் பார்த்து மக்களா, மக்களைப் பார்த்து ஊடகமா என்று மாணவர்கள் தாமாகவே கேட்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. கேட்ட பிறகுதான் ஐயங்கார், கிண்டர் குழு 1980களில் செய்தி நாடாக்களை வெட்டி ஒட்டிக் காட்டிச் செய்த சோதனைகளுக்குப் போவேன்.

எண்ணுவதற்கு முன்னால் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் மூன்று கணிப்புகள் எழுதி உறையில் போட்டு ஒட்ட வேண்டும். ஒரே தலைப்புகளை இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்த வேண்டும். முதல் தடவை எந்த ஜோடிக்கும் ஒத்துப்போகாது. அமைச்சர் மருத்துவமனையைத் திறந்து வைத்தது அரசியலா சுகாதாரமா என்று ஒரு மணி நேரம் வாதாடுவார்கள், வாதாடட்டும். சென்ற முறை உறைகளைப் பிரித்தபோது, எதிர்க்கட்சிச் செய்தி முதல் பக்கத்தில் வரவே வராது என்று எழுதியவர்கள்தான் பெரும்பாலோர். வந்திருந்தது, நிறையவே. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் உட்கட்சிச் சண்டை. "அப்படியென்றால் நாங்கள் சொன்னது சரியா தவறா மேடம்?" என்று கேட்டார்கள்.

நானும் உறை வைத்திருந்தேன். அதைப் பிரித்து ஒரு மாணவன் சத்தமாகப் படித்தான். மூன்றில் இரண்டு தவறு. மூன்றாவது சரியாக வந்த கணிப்புக்கான எண்ணிக்கையை அவர்கள் வேலை முடியும் முன்பே நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணியிருந்தேன். "இதை உங்களோடு சேர்ந்து இன்னொருத்தர் எண்ணினாரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொண்டு வந்தபோது ஒன்பது இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.